சில்லறை மனிதர்கள்

1

கதைக்குள் நிகழும் சாவுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. கதாநாயகனின் கையில் சிறு கீறல் விழுந்தாலும் நாம் பதறுகிறோம். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் சுடப்பட்டு விழுந்தால், அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கக் கழுத்தை நீட்டுகிறோம். இந்தப் பழக்கத்தை சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்தது என்று சொல்வது சினிமாவுக்கு அதிக மரியாதை. அரக்கு மாளிகை எரிந்த இரவில் பாண்டவர்களுக்குப் பதிலாகக் கருகிக் கிடந்தவர்கள் ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். ஆறு சடலங்கள் தேவைப்பட்டன, ஆறு கிடைத்தன. குந்தி கொடுத்த விருந்தை உண்டு, மயங்கி, அங்கேயே உறங்கிப்போனவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. தர்மத்தைப் பற்றி அத்தனை ஆயிரம் சுலோகங்கள் பேசும் காவியம், அதைக் காப்பாற்றியவர்களின் உயிரை நிறுத்துப் பார்க்க அந்த இடத்தில் நிற்பதில்லை.

இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரலாம். ரோஸன்கிரான்ட்ஸையும் கில்டன்ஸ்டர்னையும் சாவுக்கு அனுப்பிவிட்டு, அது தன் மனசாட்சிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்கிறான் ஹாம்லெட். மனசாட்சியையே தொழிலாகக் கொண்டவன் அவன். ஆனால் அதே ஷேக்ஸ்பியர் 'லியர் அரச'னில் பெயரில்லாத ஒரு வேலைக்காரனைப் படைத்தார். க்ளாஸ்டரின் கண்கள் பிடுங்கப்படும்போது தன் எஜமானனுக்கு எதிராகவே வாளை உருவுகிறான் அவன். பேசுவது சில வரிகள். பின்னாலிருந்து குத்தப்பட்டுச் சாகிறான். அவன் கொடுத்த காயத்தில்தான் கார்ன்வால் பின்னர் சாகிறான். நாடகத்தின் அத்தனை பெரிய மனிதர்களும் செய்யத் தவறியதை நாடகம் ஒரு வேலைக்காரனிடம் விட்டுவைத்திருக்கிறது.

உபபாத்திரம் என்று ஒரு மனிதன் உண்டா, அல்லது அப்படிப் பார்க்கும் பார்வை மட்டும்தான் உண்டா? இந்தக் கேள்வியை நான் எலிஷா குக் ஜூனியர் என்ற ஹாலிவுட் நடிகரை வைத்துக்கொண்டு கேட்க விரும்புகிறேன். தத்துவவாதிகளை வைத்துக்கொண்டு கேட்டால் கேள்வி சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் ரத்தம் இருக்காது.

2

குக் 1903 டிசம்பர் 26-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். வளர்ந்தது சிகாகோவில். நாடக மேடையில் பழகி, 1933-இல் யூஜின் ஓநீலின் 'ஆ, வில்டர்னஸ்!' நாடகம் பிராட்வேயில் முதலில் மேடையேறியபோது அந்த வீட்டின் கவிதைப் பித்துப் பிடித்த இளைஞனாக நடித்தார். சிறு வேஷமல்ல அது. அதற்குப் பின் ஹாலிவுட்டுக்குப் போனார். 1980-களின் இறுதிவரை நடித்தார். நூறு படங்களுக்கு மேல், அதன்பின் டெலிவிஷன் தொடர்கள். 1995 மே 18-இல் காலிஃபோர்னியாவின் பிக் பைன் என்ற சிற்றூரில் 91-ஆம் வயதில் இறந்தார். அகாடமி விருதுக்கு ஒரு முறைகூட அவர் பெயர் முன்மொழியப்படவில்லை. விருது என்றதும் ஒரு விவரம்: துணை நடிகர்களுக்கான பரிசை அகாடமி தொடங்கியது 1936-ஆம் வருஷத்துப் படங்களுக்கு. முதல் சில வருஷங்கள் அவர்களுக்குக் கொடுத்தது முழுச் சிலையல்ல, ஒரு பட்டயம். பெரிய நடிகர்களுக்குச் சிலை, சின்ன நடிகர்களுக்குத் தகடு. 1943-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் இந்த வித்தியாசம் நீங்கியது.

உருவம் சிறியது. முழித்த கண்கள். பயத்தையும் அவமானத்தையும் ஒன்றாகக் காட்டும் முகம். ஸ்டூடியோக்கள் இந்த முகத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சீக்கிரமே கண்டுகொண்டன: சாகடிப்பதற்கு. 'ஃபாண்டம் லேடி'யில் (1944) ட்ரம் வாசிப்பவன், கழுத்து நெரிக்கப்படுகிறான். 'பார்ன் டு கில்'லில் (1947) எந்த நண்பனுக்காக எல்லாம் செய்தானோ அந்த நண்பனாலேயே கொல்லப்படுகிறான். 1934 முதல் கண்டிப்பாக அமலாக்கப்பட்ட தணிக்கை விதிகள், குற்றம் தண்டனை பெற்றே தீர வேண்டும் என்றன. நட்சத்திரத்தைத் தண்டித்தால் டிக்கெட் விற்காது. ஆகவே தண்டனையை வாங்கிக்கொள்ள ஒருவன் வேண்டும். ஒழுக்கத்தின் பெயரால் வைத்த விதி, யார் தலையில் ஒழுக்கத்தை நிறைவேற்றுவது என்பதை வசூலிடம் விட்டுவிட்டது.

நம் ஊரில் 'குணச்சித்திர நடிகர்' என்றால் தழுதழுக்கும் அப்பா என்று ஆகிவிட்டது. குக்கைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் உதவாது. அவர் நம்மிடம் கண்ணீரை யாசிப்பதில்லை. அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் நல்லவர்களுமல்ல. கேள்வி கடினமாவது இங்கேதான்.

3

'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), டாஷியல் ஹாமெட்டின் நாவலிலிருந்து ஜான் ஹ்யூஸ்டன் எடுத்த முதல் படம். ரத்தினங்கள் பதித்த ஒரு பறவைச் சிலையைத் தேடி அலையும் கும்பல். அதன் தலைவர் குட்மன், உடல் பெருத்த, உபசாரமாகப் பேசுகிற மனிதர். நடித்தவர் ஸிட்னி க்ரீன்ஸ்ட்ரீட். அவரிடம் துப்பாக்கி தூக்கும் பையன் வில்மர், அதுதான் குக். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது, ஆனாலும் பையன்தான். உபபாத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை போலும். துப்பறிபவன் ஸ்பேட், ஹம்ஃப்ரி போகார்ட். ஸ்பேட் அவனைச் சீண்டுகிறான். அவன் துப்பாக்கிகளைப் பறித்து, அவன் எஜமானர் முன்னாலேயே திருப்பிக் கொடுத்து அவமானப்படுத்துகிறான். வில்மரின் கண்ணில் நீர் கட்டுகிறது. கொலைகாரனின் கண்ணில் அழுகை.

கடைசியில் பேரம். நடந்த கொலைகளுக்குப் போலீசிடம் ஒருவனை ஒப்படைத்தாக வேண்டும், இந்தப் பையனைக் கொடுத்துவிடுவோம் என்கிறான் ஸ்பேட். குட்மன் அதிர்ச்சியடைகிறார், வில்மர் தமக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி என்கிறார். கொஞ்ச நேரம் போகிறது. யோசிக்கிறார். பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை கிடைக்கலாம், பறவை ஒன்றே ஒன்றுதான் என்ற முடிவுக்கு வருகிறார். மயங்கிக் கிடந்த வில்மர் கண் திறக்கும்போது, தன்னைச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களிலிருந்தே விஷயத்தைத் தெரிந்துகொள்கிறான்.

இந்தக் காட்சியைப் 'பலியாடு' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது விமர்சகர்களுக்கு வழக்கம். ஆனால் வில்மர் நிரபராதி அல்ல. அந்தக் கொலைகளைச் செய்தவன் அவனேதான். ஸ்பேட் முன்வைக்கும் ஏற்பாட்டில் பொய் எதுவுமில்லை. குற்றவாளியைச் சட்டத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறான், அவ்வளவே. நீதியின் பார்வையில் குறை சொல்ல முடியாத காரியம். பிறகு ஏன் நமக்குக் குமட்டுகிறது?

நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அவன் செய்ததற்காக அவனைக் கொடுக்கவில்லை. அவன் இல்லாமல் சமாளித்துக்கொள்ள முடியும் என்பதற்காகக் கொடுக்கிறார்கள். அவன் குற்றவாளியாக இருப்பது அவர்களுக்கு ஒரு சௌகரியம் மட்டுமே. நிரபராதியாக இருந்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள். ஒரு மனிதனைச் சாதனமாக மட்டும் கையாளக்கூடாது என்று கான்ட் சொன்னதை, நல்லவர்களைக் கையாளும் முறைக்கான அறிவுரையாகவே நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நல்லவனிடம் அந்த விதியைக் கடைப்பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. அவனுடைய நல்ல குணமே நம்மைத் தடுக்கும். விதிக்கு வேலை வருவது வில்மரிடம்தான். அவனைத் தண்டிக்க நமக்கு உரிமை இருக்கலாம். அவனைச் செலவழிக்க உரிமை இல்லை.

குக்கின் நடிப்பு இதைச் சாத்தியமாக்குகிறது. அவர் வில்மரை நல்லவனாக்கியிருக்கலாம். உள்ளே ஒரு தங்கமான பிள்ளை இருப்பதாகக் கோடி காட்டியிருக்கலாம். செய்யவில்லை. அசட்டு முரட்டுத்தனத்தோடும், அவமானத்தோடும், தன்னைப் பெரியவனாக்கிக் காட்டும் அந்தப் பெரிய ஓவர்கோட்டோடும் நிற்கிறான். நேசிக்கத்தக்கவன் என்பதால் அவனை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அவன் இருக்கிறான், அதனால் எடுக்கிறோம். பறவை போலி என்று கண்டு மற்றவர்கள் அலறும் நேரத்தில் அவன் நழுவிப் போய்விடுகிறான். நாவலில் அவன் திரும்பிச் சென்று குட்மனைச் சுட்டுக் கொல்கிறான். பிள்ளை கணக்கைத் தீர்த்துவிட்டது.

4

இதற்கு ஒரு ஆட்சேபணை உண்டு, அது லேசானதல்ல. சின்ன மனிதனின் சாவை உருக்கமாகக் காட்டுவதும் அவனைப் பயன்படுத்துவதன் இன்னொரு வழிதானே? அவன் சாவில் நமக்கு இரக்கம் பிறக்கிறது, அந்த இரக்கம் கதாநாயகனின் கோபத்துக்கு எரிபொருளாகிறது. ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953) இதற்குச் சரியான உதாரணம். குக் அதில் டோரி என்ற தெற்கத்திக் குடியானவன். வாய்ச்சவடால் பேர்வழி, ரோஷக்காரன். கூலிக் கொலையாளி வில்ஸன் (ஜாக் பாலன்ஸ்) அவனைச் சேறும் சகதியுமான தெருவில் வம்புக்கிழுக்கிறான். டோரி துப்பாக்கியைப் பாதி உயர்த்தும் முன் வில்ஸன் குறி வைத்தாகிவிட்டது. இருவரும் ஒரு கணம் அப்படியே நிற்கிறார்கள். சுடாமல் விட்டிருக்கலாம். சுடுகிறான். உடம்பில் கட்டிய கம்பியால் நடிகரைப் பின்னோக்கி இழுத்துச் சேற்றில் விழ வைத்தார் டைரக்டர். மேற்கத்தியப் படங்களில் அதுவரை மனிதர்கள் நாசூக்காகச் சரிந்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒரு மனிதன் பொருள் மாதிரித் தூக்கி எறியப்படுகிறான். பிறகு மலைமேல் அடக்கம், சவப்பெட்டியைக் காலால் பிறாண்டும் அவன் நாய். அதன் பின்னால் ஷேன் துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டும். கதைக்கு டோரியின் சாவு தேவைப்பட்டது. ஆட்சேபணை இங்கே செல்லும்.

ஆனால் 'தி பிக் ஸ்லீப்'பில் (1946) செல்லாது. ரேமண்ட் சாண்ட்லரின் நாவல், ஹோவர்ட் ஹாக்ஸின் படம். இதில் கதையின் போக்கிலே ஒரு கார் டிரைவர் செத்துப்போகிறான். அவனைக் கொன்றது யார் என்று படமெடுத்தவர்களுக்கே தெரியாமல் சாண்ட்லருக்குத் தந்தி கொடுத்துக் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. சிரிப்போடு திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரிய வீட்டுப் பெண்ணை நேசித்த ஒரு டிரைவர் இறந்திருக்கிறான். யார் கொன்றது என்று எழுதியவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே படத்தில்தான் ஹாரி ஜோன்ஸ். குக். ஆக்னஸ் என்ற பெண்ணுக்காக ஒரு தகவலை இருநூறு டாலருக்கு விற்க வருகிறான். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம். அவன் உருவத்தைக் குத்திக் காட்டுகிறான் துப்பறியும் மார்லோ. அது கீழ்த்தரமான பேச்சு என்று ஜோன்ஸ் சொல்ல, மார்லோ ஒப்புக்கொள்கிறான். பிறகு இரவில் ஒரு அலுவலக அறை. கனினோ என்ற கொலையாளி ஆக்னஸின் விலாசத்தைக் கேட்கிறான். ஜோன்ஸ் பயந்து நடுங்கி விலாசம் சொல்கிறான். கனினோ சிநேகமாக ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிறான். விஷம். பக்கத்து அறையிலிருந்து மார்லோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஜோன்ஸ் சொன்ன விலாசம் பொய் என்று பின்னர் தெரியவருகிறது. நடுங்கிக்கொண்டேதான் பொய் சொல்லியிருக்கிறான்.

இந்தத் தியாகத்துக்கு ஆக்னஸ் தகுதியானவள் அல்ல. தன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவன் சாவினால் நீதி எதுவும் நிலைநாட்டப்படவில்லை. எவர் கண்ணிலும் அவன் உயரவில்லை, அவனுக்கே தான் வீரனென்று தெரிந்திருக்காது. குக் அதைத் தெரிந்தவர்போல ஒரு கணமும் நடிப்பதில்லை. வீரம் என்பதைப் பார்வையாளர்களோடு சேர்த்தே யோசித்துப் பழகியவர்கள் நாம். பார்வையாளர் இல்லாமல், பலன் இல்லாமல், தகுதியற்ற ஒருவருக்காக, பயத்தோடு செய்யப்படும் நல்ல காரியத்தை எந்தத் தலைப்பில் பற்று வைப்பது? கதை அதை உபயோகித்துத் தீர்க்க முடியாமல் மிச்சம் விடுகிறது. அந்த மிச்சம்தான் அறம் என்று எனக்குத் தோன்றுகிறது.

5

வங்கியில் காஷ் கவுண்டரில் உட்கார்பவனுக்கு ஒரு விஷயம் தெரியும். லட்சங்கள் வந்து போன நாளிலும், கடைசியில் ஒரு ரூபாய் உதைத்தால் கணக்கு நேராகாது. ஒரு ரூபாய்தானே என்று விட முடியாது. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று தேடியாக வேண்டும். பணத்தின் விஷயத்தில் மனிதகுலம் இந்த அளவு நேர்மையை எட்டியிருக்கிறது. சரித்திரத்திலும் காவியத்திலும் சில்லறை உதைத்தாலும் பக்கத்தை மூடிவிடுகிறோம்.

ஸ்டான்லி க்யூப்ரிக்கின் 'தி கில்லிங்'கில் (1956) குக் ஒரு காஷியர். குதிரைப் பந்தய மைதானத்தில் கவுண்டருக்குப் பின்னால் அடுத்தவன் பணத்தை எண்ணும் ஜார்ஜ் பீட்டி. மனைவி ஷெரி (மேரி விண்ட்ஸர்) அவனை வார்த்தைக்கு வார்த்தை ஏளனம் செய்கிறாள். மைதானத்தின் வசூலைக் கொள்ளையடிக்க ஜானி க்ளே என்பவன் நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டிருக்கிறான். அதில் ஜார்ஜுக்குக் கொடுத்த வேலை, உள்ளேயிருந்து ஒரு கதவைத் திறந்துவிடுவது. திட்டத்தில் எல்லோரும் உறுப்புகள். உறுப்புக்கு மனசு இருப்பதைத் திட்டம் அறியாது. மனைவி தன்னை ஒரு தடவையாவது மதிக்கவேண்டுமே என்று ஜார்ஜ் ரகசியத்தை உளறுகிறான். அவள் காதலனிடம் சொல்கிறாள். துப்பாக்கிகள் வெடிக்கின்றன. அறையிலிருந்த அத்தனை பேரும் செத்துக் கிடக்க, ரத்தம் வழியும் முகத்தோடு ஜார்ஜ் மட்டும் எழுந்து வீடு போய்ச் சேர்கிறான். ஷெரியைச் சுட்டுவிட்டுக் கிளிக்கூண்டோடு விழுகிறான். விமான நிலையத்தில் ஒரு சீமாட்டியின் குட்டி நாய் ஓடிவர, பெட்டி விழுந்து திறந்து, கொள்ளைப் பணம் முழுவதும் காற்றில் பறக்கிறது. கணக்கில் எடுக்காதவையெல்லாம் சேர்ந்து கணக்கைக் கவிழ்த்துவிட்டன.

ஜார்ஜ் செய்தது கொலை. அதை நியாயப்படுத்த முடியாது, படமும் முயலவில்லை. ஆனால் ஒரு மனிதனை வருஷக்கணக்கில் ஒன்றுமில்லாதவனாக நடத்திவிட்டு, அவன் ஒன்றுமில்லாதவனாகவே இருந்துவிடுவான் என்று நம்புவது அறியாமை மட்டுமல்ல, அதுவே ஒரு குற்றம். அதன் தண்டனையும் குற்றவாளிகளுக்கு மட்டும் அளந்து வருவதில்லை.

படங்களுக்கு நடுவே குக் ஹாலிவுட்டில் இருப்பதில்லை. சியெரா மலைப்பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருப்பார், கூப்பிட்டனுப்பினால் இறங்கி வந்து தம் சாவைச் செத்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று ஹ்யூஸ்டன் எழுதியிருக்கிறார். இதைத் துறவாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. கிடைத்தது ஐந்து நிமிஷ வேஷம். அந்த ஐந்து நிமிஷமும் தன் பாத்திரத்துக்கு முழு ஆயுள் என்பதை அந்த நடிகர் மறக்கவில்லை. வில்மருக்குத் தன் கதையில் வில்மர்தான் நாயகன். ஸ்பேட் அங்கே குறுக்கே வந்த ஒருவன்.

உபபாத்திரம் என்று ஒரு மனிதன் இல்லை. வேறொருவனுடைய கதைக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அரக்கு மாளிகையில் படுத்து உறங்கிய ஆறு பேரும், விருந்து நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருப்பார்கள்.