துடிக்காமல் சாகடித்தால் போதுமா?

எந்தத் தோட்டா வேட்டைக்கு உகந்தது என்ற வாதம் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06-ம், 1952-இல் வந்த .308 வின்செஸ்டரும் அதில் ஓயாமல் மோதுகின்றன. பத்து கிராமுக்குச் சற்றே குறைந்த ஒரே எடைக் குண்டை முன்னது வினாடிக்கு ஏறத்தாழ 890 மீட்டர் வேகத்திலும் பின்னது 860 மீட்டர் வேகத்திலும் செலுத்துகிறது. 200 மீட்டரில் நிற்கும் காட்டுப்பன்றிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. குண்டு நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பாய்ந்தால் ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். குடலில் பட்டால் மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும். ஆகவே தோட்டா ஒப்பீட்டுக்கு அடியில் ஓர் அறம் இருக்கத்தான் செய்கிறது: துடிக்கவிடாதே. நல்ல விதிதான். ஆனால் எப்படிக் கொல்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொல்லலாமா என்ற கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்கிறார்களே, கோளாறு அங்கேதான்.

விரியும் குண்டின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் பிரிட்டிஷார் செய்த, முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு, உடலுக்குள் புகுந்ததும் விரிந்து பெருங்காயம் உண்டாக்கியது. கொடுமை என்று சொல்லி 1899-இல் ஹேக் மாநாடு அந்த வகையைப் போரில் தடைசெய்தது. அதே பிரிட்டனின் மான் வேட்டைச் சட்டமோ விரியும் குண்டுதான் வேண்டும் என்கிறது. இதற்கும் காரணம் இரக்கமே! போரில் எதிரி களத்தைவிட்டு விலகினால் போதும், மருத்துவர் கையில் பிழைத்துக்கொள்ளலாம். வேட்டையில் விலங்கு பிழைக்கவே கூடாது. சாவு முன்கூட்டியே முடிவாகிவிட்ட இடத்தில்தான் விரியும் குண்டு கருணையாகிறது. அந்த முடிவு சரியா என்று சொல்ல அதற்கு வாயில்லை.

மதுரையின் திருவிளையாடல் மரபு இதை வேறு பக்கத்திலிருந்து தொடுகிறது. பாண்டியனின் வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டுபோக, அநாதையான பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அந்தத் தாய் துடிக்காமல் செத்ததா என்று கதை கேட்கவில்லை. மிஞ்சிய பசியைத்தான் பார்க்கிறது. தோட்டா அட்டவணை ஓர் உடலின் வலியை மட்டுமே அளக்கும். ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நிகழும் புட்டுக்கு மண் சுமந்த லீலையும் வலி ஓர் உடலோடு நிற்பதில்லை என்பதையே பெரிதாக்கிக் காட்டுகிறது: கூலியாளாய் மண் சுமந்த சொக்கநாதர் முதுகில் விழுந்த பிரம்படி, அடித்த அரசன் உட்பட எல்லா உயிர்மேலும் விழுகிறது.

கண்ணப்பர் வேட்டையாடவில்லையா என்று கேட்கலாம். ஆடினார், ஆனால் அவரை நாயனாராக்கியது கண்ணைத் தந்த அன்பு, அம்பின் குறி அல்ல. புலியின் வாயில் மெல்லச் சாவதைவிடக் குண்டு மேல் என்பது இன்னொரு வாதம். புலிக்கு வேறு வழியில்லை; பொழுதுபோக்குக்காகச் சுடுபவருக்கு உண்டு. இந்தியாவில் 1972-இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பொழுதுபோக்குக்கு ஏறக்குறைய இடமே இல்லை.

கனமான ஆட்சேபம் உழவருடையது. ஓர் இரவில் மக்காச்சோளக் காடு முழுவதையும் உழுதுபோட்டுவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்திடம் கொல்லாமையைப் போதிக்க முடியாது. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் கற்படுக்கை வெட்டித் தவம் செய்த சமணர்களின் மரபே இங்கு உதவுகிறது. கொல்லவேண்டும் என்றே செய்யும் இம்சையை அது இல்லறத்தாருக்கும் விலக்கியது. தற்காப்பில் நேர்வதை வேறாக வைத்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாடும் ஏறக்குறைய அப்படித்தான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கும் அப்பால் வந்தால் மட்டும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மற்ற வழிகளைப் பார்த்தபிறகே துப்பாக்கி. தோட்டா ஒப்பீடு இங்கே வந்தால் பொருளுண்டு. ஏனென்றால் துப்பாக்கிக்கு எதிர்த்தட்டில் இருப்பவை திருட்டு மின்வேலியும், கடித்தவுடன் தாடையைச் சிதைத்துப் பல நாள் பட்டினியில் சாகவிடும் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியும்தான்.