நாற்றம் யாருடையது?

இலவம் பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. போடி வட்டாரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையடிவாரத் தோட்டங்களில் இலவ மரங்கள் நிற்கின்றன. கோடை தொடங்கும்போது காய் பறித்து, உடைத்து, கொட்டை நீக்கி, பஞ்சை மூட்டை கட்டுவார்கள். மெத்தையும் தலையணையும் எங்கள் பக்கத்துத் தொழில். சிலமலையில் எங்கள் வீட்டுக் கட்டில்களிலும் இலவம் பஞ்சுதான்.

இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிரம்பிய குழாய். மேலே மெழுகு போன்ற ஒரு பூச்சு, தண்ணீர் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதை அடைத்தார்கள். ஆனால் மெத்தையாக்கி முழுக்க நனைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே காயாது, பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டுத் தட்டலாம். ரொம்ப மோசமானால் தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்துக் காயவைத்து, உறையை மட்டும் துவைத்து, மறுபடி அடைத்துத் தைக்கலாம். அவ்வளவுதான்.

ஆகவே இலவம் பஞ்சு மெத்தையில் மூத்திரம் பட்டால் அது ஒரு நாள் வேலை. குழந்தை போனதென்றால் சிரித்துக்கொண்டே மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்குகிறோம். கிழவி போனதென்றால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். மெத்தைக்குள் நடக்கிற வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் குரல் தாழ்கிறது?

முதலில் அந்த வேதியியலைப் பார்த்துவிடலாம். எஞ்சினியர் புத்தி, வேறு வழியில்லை.

புது மூத்திரத்துக்குப் பெரிய வாசம் கிடையாது. அதிலிருக்கும் யூரியாவை பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் உடைக்கும்போது அமோனியா வருகிறது. மூக்கைக் குத்துவது அதுதான். கூடவே கொஞ்சம் யூரிக் அமிலம், தண்ணீரில் லேசில் கரையாத படிகங்களாக, இழைகளுக்கு நடுவே தங்கிவிடும். காய்ந்துவிட்டது, போய்விட்டது என்று நினைப்போம். ஐப்பசி மழை பிடித்ததும் காற்றின் ஈரம் மெத்தைக்குள் இறங்கும். வாசம் எழுந்து உட்காரும்.

கறை பட்டவுடன் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் ஆழமாகப் போகும். தண்ணீர் கலந்த வினிகரை லேசாகத் தெளித்தால் அமோனியாவைச் சமன்செய்யும். காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு உதறலாம். சோபா, கம்பளம், கார் சீட் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். பழைய கறைக்கு நொதி கலந்த திரவங்கள் கிடைக்கின்றன. ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மூத்திரத்தின் மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. அமோனியாவும் குளோரினும் சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய அறையில் எழுந்து நகர முடியாமல் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

மெத்தை விஷயம் இத்தோடு முடிந்தது. மூக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

ஒரே வாசத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். போடி ஏலக்காய்க் கடைகளில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற பெண்கள் மாலையில் பஸ் ஏறினால் பஸ்ஸே மணக்கும். அவர்களுக்குத் தெரியாது. "எங்க மணக்குது? எங்களுக்கு ஒண்ணும் தெரியலயே" என்பார்கள். தன் வாசம் தனக்குத் தெரியாது என்பது மனித உடம்பின் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய கம்பெனியே தடுக்கி விழுந்தது. 1990களில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஃபெப்ரீஸ் என்ற தெளிப்பானைக் கொண்டுவந்தது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறு அதில் இருந்தது. நாற்ற மூலக்கூறைத் தன் வளையத்துக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சோபா, திரைச்சீலை, கம்பளம் எதிலும் அடிக்கலாம். நல்ல பொருள், ஆனால் முதலில் விற்கவில்லை. காரணத்தை சார்ல்ஸ் டுஹிக் 2012இல் வெளியான தன் நூலில் சொல்கிறார். நிறையப் பூனைகளோடு வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆய்வாளர்கள் போனார்கள். அவர்களால் உள்ளே நிற்க முடியவில்லை. அவளுக்கோ எந்த வாசமும் தெரியவில்லை. யாருக்கு அந்தப் பொருள் அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் தேவை இருப்பதே தெரியாது. பிறகு அதில் நறுமணத்தைக் கூட்டி, சுத்தம் செய்து முடித்த அறையில் கடைசியாக அடித்துக்கொள்ளும் ஒரு சந்தோஷமாக விற்றார்கள். அதன்பின் அமோகமாகப் போனது.

ஆக, நாற்றம் எப்போதும் அடுத்தவருடையது. என்னிடம் வீசுவது எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் சொல்கிறவர் கைக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. சொல்லப்பட்டவரால் சரிபார்க்கக்கூட முடியாது. கறை என்றால் கண்ணால் பார்த்து மறுக்கலாம், "அது போன வருசத்து மஞ்சக்கறை" என்று வாதாடலாம். நாற்றத்துக்கு எதிராக என்ன சாட்சி கொண்டுவருவது? பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். பூவின் வாசத்துக்கும் அதே சொல். இன்று அதைச் சொன்னாலே திட்டு.

இந்த அதிகாரம் எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். "கருவாட்டு வாசம் எங்களுக்கு ஒத்துக்காதுங்க" என்பார் வீட்டுக்காரர். சாதி கேட்க வாய் வராது, மதம் கேட்கக் கூச்சம். மூக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. ஒவ்வாமை மாதிரி, ஏதோ உடம்பின் குறை மாதிரி சொல்லப்படுவதால் கோபப்படவும் முடியாது. கருவாட்டு வாசம் நாலு நாளில் சுவரை விட்டுப் போய்விடும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அவருக்குப் போக வேண்டியது வாசமா, ஆளா?

என் கேள்வி இதுதான். சுத்தம் செய்கிறோம் என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒரே பெயரில் நடக்கின்றன. ஒன்று, ஆள் அங்கேயே இருப்பதற்காகக் கறையை நீக்குவது. இன்னொன்று, கறையைக் காரணம் காட்டி ஆளை நீக்குவது. வினிகரும் சோடாவும் முதலாவதற்கு. இரண்டாவதற்கு ஒரு பொருளும் வேண்டாம், முகத்தைச் சுளித்தால் போதும்.

நம் சமூகம் இரண்டாவதில் தேர்ந்தது. தீட்டு என்ற ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். பிரசவத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாவற்றிலும் கறைபடுத்தியவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர். சாதாரணக் கணக்குப்படி எடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் துணி வெளுத்து வீட்டுக்குத் திரும்பியது, கறை வெளுத்தவரோடு போனது. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களைக் கண்ணில் படுவதே தீட்டு என்று சொல்லி வைத்திருந்தார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வருகிற ஆரோக்கியம் அப்படி ஊர்த்துணி சுமந்தவள். 2009இல் தமிழ்நாடு அரசு புதிரை வண்ணாருக்கென்று தனி நலவாரியம் அமைத்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொன்று. இன்னமும் சாக்கடைக் குழிக்குள் ஆட்கள் இறங்கிச் சாகிறார்கள். மூலக்கூறை உடைத்துவிடலாம், காற்றோடு போய்விடும். அதை எடுத்த கையின் மேல் நாம் ஒட்டிய பெயர் மட்டும் உடைவதில்லை.

இது ஊருக்கு. வீட்டுக்குள் எப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்து அப்பத்தா மூன்று வருடம் படுக்கையில் இருந்தது. சித்தப்பா மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குத்தான் வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் சித்தப்பா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார். "மதினி, ஆத்தாவ ஒரு ரெண்டு நாளைக்குப் பின்னாடி கொட்டகையில படுக்க வைப்பமா? வர்றவங்க என்னமும் நினைப்பாங்க." அவர் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற பயம்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அப்பத்தாதான் குழறலாகச் சொன்னது. "என்னைய அங்கிட்டே கொண்டுபோய்ப் போட்டுருத்தா."

தன் வாசம் அதுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அறைக்குள் வருகிறவர்களின் முகத்திலிருந்துதான் அதைத் தெரிந்துகொண்டிருக்கும். பேத்தி மூச்சை அடக்கிக்கொண்டு காப்பி கொடுத்தது, பார்க்க வந்தவர்கள் வாசல்படியிலேயே நின்று பேசியது. மூன்று வருடத்தில் அந்த முகங்களையெல்லாம் கூட்டிப் பார்த்துத் தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. ஒரு மனுஷி, தான் கட்டிய வீட்டிலிருந்து, தன் வாயாலேயே தன்னை வெளியே போடச் சொல்கிற இடம். நாற்றம் என்ற சொல் செய்யக்கூடிய ஆகப்பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன்.

"மெத்தைய மாத்துறேன் தம்பி. அத்தை இங்கனயேதான் இருக்கட்டும்" என்றார் அம்மா. அன்று மெத்தை பிரிக்கப்பட்டது. உறை ஊறியது, பஞ்சு மாடியில் பழைய சேலைக்கடியில் காய்ந்தது. மறுநாள் வந்தவர்களில் மாப்பிள்ளையின் பாட்டி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். நிச்சயம் நடந்தது. அந்தப் பாட்டி முகம் சுளித்திருந்தாலும், நிச்சயமே நின்றிருந்தாலும், அம்மா செய்தது சரிதான்.

இதோடு நிறுத்தினால் நல்ல குடும்பக்கதை. ஆனால் மெத்தையைப் பிரித்தது யார்? ஒரு நாளைக்கு நாலு தடவை விரிப்பு மாற்றி, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தது யார்? நான் ஊரில் இருந்த வாரங்களில் விரிப்பு அலசுவது என் வேலை. அப்பா தூக்கிப் பிடிப்பார். ஆனால் மூன்று வருடம் என்று கணக்கெடுத்தால் கை ஒன்றுதான். அப்பத்தா இறந்தபோது ஊர் சொன்னது, "ஆத்தாவ நல்லா வச்சிருந்தாங்கப்பா." வச்சிருந்தாங்க என்று பன்மை. ஒருத்தியின் வேலையை ஒரு குடும்பத்தின் பெருமையாக மாற்ற நம் மொழிக்கு ஒரு விகுதி போதும்.

ஆளை வைத்துக்கொள்வதுதான் சரி என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதுகிறவன் அடுத்த வரியில் விரிப்பை யார் அலசுவது என்றும் எழுத வேண்டும். கருணைக்கு வேலை நேரம் உண்டு. அதைப் பிரித்துக்கொள்ளாத வீட்டில் கறை ஓர் ஆளை விட்டு இன்னோர் ஆளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. போன மாதம் போனில், "எனக்கு அப்படி ஆனா பேசாம ஹோம்ல சேத்துருங்கடா, ஒருத்தருக்கும் தொந்தரவு வேணாம்" என்றார். கொட்டகை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.