லவ் பேர்ட்ஸ் ஜோடி

புதிதாக நிக்காஹ் முடிந்த பிள்ளைகள் இருவர் சேர்ந்து வந்தால், "லவ் பேர்ட்ஸ் வந்துவிட்டார்கள்" என்று சொல்வது நம் கடைத்தெருவிலும் வழக்கமாகிவிட்டது. வாழ்த்தாகத்தான் சொல்கிறோம். ஆனால் எதை வாழ்த்துகிறோம் என்பதைச் சற்று யோசிப்பது நலம்.

நாம் வியாபாரிகள், முதலில் சரக்கைப் பார்ப்போம். லவ் பேர்ட்ஸ் என்று நம்மவர் பலர் வாங்கிக் கூண்டில் தொங்கவிடுவது ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் என்னும் வேறொரு சிறு கிளி. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்கச் சரக்கு. மொத்தம் 9 இனங்கள். 8 ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், 1 மடகாஸ்கர் தீவில். குட்டை வால், ஒரு சாணுக்கும் குறைந்த உடல். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் 'பிரியாதவை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பழந்தமிழ்ப் புலவர்கள் அன்றில் பறவையைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: துணை பிரிந்தால் உயிர் தரியாது என்று.

ஜோடி ஒட்டி உட்காரும், ஒன்றின் இறகை ஒன்று கோதும், ஆண் பெண்ணுக்கு இரை ஊட்டும். இவையெல்லாம் மெய். ஆனால் துணை இறந்தால் மற்றதும் ஏங்கிச் சாகும் என்பது கட்டுக்கதை. பெரும்பாலும் வேறு துணையோடு சேர்ந்துகொள்ளும். அயல் பறவையைக் கூண்டில் விட்டாலோ, காலைக் கடித்துக் குதறிவிடும். மணமக்களுக்கு இந்த உவமையைச் சொல்பவர்கள் மாமியாரையும் நாத்தியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்!

அது போகட்டும். பிரியாமல் ஒட்டியிருப்பதுதான் அன்பின் அளவுகோல் என்றால், நம் பாட்டன்மார் எல்லோரும் அன்பில்லாதவர்களா? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள், பல வருஷத்துக்கு ஒரு சபர்தான் ஊர் போனார்கள். கடையிலேயே படுத்து, மாதந்தோறும் பணமும் கடிதமும் அனுப்பினார்கள். அவர்களிடம் அன்பில்லை என்று சொல்ல நமக்கு நாவெழாது.

ஆனால் இந்தப் பெருமையைச் சொல்லும்போது நாம் பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதுகிறோம். போனவர் தாமே முடிவு செய்து போனார். ஊரில் இருந்தவளை யார் கேட்டார்கள்? மாமனார் மாமியாரைப் பார்த்து, தகப்பன் முகம் தெரியாத பிள்ளையை வளர்த்து, அவள் காத்திருந்ததைச் சபூர் என்று புகழ்கிறோம். வேறு வழி இருந்து பொறுப்பதுதான் சபூர். கதவு சாத்திய கூண்டில் இரண்டு கிளி பிரியாமலிருப்பதை வைத்து அவற்றின் அன்பை எடைபோட முடியாது. அதுபோலத்தான் இதுவும்.

திருமறையில் ரூம் அத்தியாயத்தில் கணவன் மனைவியைப் பற்றி வருமிடத்தில் அன்போடு இரக்கமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. ஒட்டி உட்கார அன்பு போதும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருப்பவளின் கஷ்டத்தை எண்ண இரக்கம் வேண்டும். பணம் அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணியவர்களிடம் குறைந்தது இந்த இரண்டாவதுதான்.

சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல் பயணக் காலமும் முடிந்தது. இன்று திருச்சிக்கு விமானத்தில் 4 மணி நேரம். அப்படிக் காத்திருந்த பெண்களில் சிலர் முதுமையில் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அடுத்த தடவை போகும் சகோதரர்கள், அந்தப் பெரியம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை வருஷம் தனியாக இருந்தீர்கள், அப்போது உங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று விசாரியுங்கள்.