காற்றை நம்புவது எப்படி

நம்பிக்கை என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கள் கோயில் வட்டாரத்தில் சில பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், வாழ்த்துப் பாடிய கையோடு எடுத்துக்கொண்டது அளவையைத்தான். ஒன்றை எதனால் அறிகிறோம் என்பதே அவருக்கு முதல் கேள்வி. பத்து அளவைகளைச் சொல்லி, எல்லாம் கண்ணால் காணும் காண்டல், அனுமானிக்கும் கருதல், நம்பத்தக்கவர் வாக்கான உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்கிறார்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பத்து காவானில் வீட்டை ஒட்டிய பட்டறையில் தைப்பூசக் காவடிகளுக்கு அலுமினியச் சட்டம் செய்து வர்ணம் அடிக்கிறேன். கம்ப்ரஸரையும் ஏர் ஹோஸையும் ஸ்ப்ரே கன்னையும் இணைக்கிற பித்தளைத் துண்டுகளைத் தேர்ந்தெடுக்க அந்த மூன்று அளவைகளைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. காற்றும் கண்ணுக்குத் தெரியாத பொருள்தானே!

காண்டலுக்கு ஐயம், திரிவு என்று இரண்டு குற்றம் சொல்வார்கள். ஒன்றை வேறொன்றாகக் காண்பது திரிவு. அதை அரை அங்குல மரையில் பார்க்கலாம். மலேசியாவில் நாம் புழங்குவது பிரிட்டிஷ் மரை. ஆன்லைனில் வாங்கும் சில சாமான்களில் அமெரிக்க மரை வந்துவிடும். இந்த அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. கையால் திருகினால் ஏறும், ஸ்பானர் போட்டால் இறுகும், பார்வைக்கு ஒரு குறையும் இராது. ஆனால் பிரிட்டிஷ் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரிக்கு 60. அந்த இடைவெளியில் காற்று சுற்றிச் சுற்றி வெளியேறிவிடும். வெள்ளை டேப்பை எவ்வளவு சுற்றினாலும் அந்த இணைப்பை நம்ப முடியாது. கால் அங்குலம் அவ்வளவு மோசமில்லை. ஒன்றுக்கு 19 புரி, மற்றதற்கு 18. சில சுற்றிலேயே முரண்டு பிடித்து உண்மையைச் சொல்லிவிடும். ஹோஸை மாட்டிக் கழற்றும் கப்ளரிலும் இப்படி வடிவம் மாறிப்போகும். நம் ஊர்க் கடைகளில் ஜப்பானிய நிட்டோ வடிவம் தாராளமாகக் கிடைக்கிறது. பட்டறை முழுவதும் அந்த ஒரே வடிவத்தில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

மாட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவ வேண்டும். மரையின் விளிம்பில் கடுகளவு குமிழ் ஒன்று எழும்பும். அதன் பக்கத்தில் இன்னொன்று ஒட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் முழுக்க வெண்ணுரை கட்டிவிடும். காற்றைக் கண்ணால் காண்பது அப்போதுதான்.

கருதலுக்கு நூல்கள் தரும் உதாரணம் புகையும் நெருப்பும். பட்டறையில் அது பிரஷர் முள். காற்றை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டு, முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று கருதுகிறோம். ஆனால் அமுக்கும்போது காற்று சூடாகும். அந்தச் சூடு ஆறும்போது கசிவே இல்லாமலும் முள் கொஞ்சம் இறங்கும். மூடுபனியைப் புகை என்று நினைத்தவனுக்கு நெருப்பு கிடைக்காது. டாங்கி ஆறிய பிறகு குறித்த அளவிலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடினமானது உரை. கடைக்காரர் “நல்ல சாமான்ணே, தாராளமா எடுங்க” என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் விற்றால் அவருக்கு லாபம்; ஆகவே மற்ற இரண்டு அளவைகளும் அந்த வார்த்தையைத் தாங்கியாக வேண்டும். சைவ சித்தாந்தம் உரை என்று ஏற்பது குற்றமற்றவனின் வாக்கை மட்டுமே. சிவஞான போதம் எழுதிய மெய்கண்டாரைப் பார்க்க வந்த சகலாகம பண்டிதர் ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேள்வி கேட்ட பிறகே அவரை வணங்கினார் என்பது மரபுக் கதை. அந்தப் பண்டிதர்தான் பின்னாளில் அருணந்தி.

இன்னொன்றும் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. காவடி எடுக்கிற தம்பி எதையும் சோதிப்பதில்லை. விரதம் இருந்து, பாலத்தைக் கடந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்து, நான் கொடுத்த சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொள்கிறான். அவனுக்கு நான்தான் உரை. கசிவு இருந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், காற்று சூடாகவே வரும், பினாங்கு ஈரம் தண்ணீராகி வர்ணத்தில் கொப்புளம் கட்டும். உதவிக்கு வரும் பிள்ளையின் பக்கத்தில் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் சாட்டையாக அடிக்கும். அதனால் கழற்றும் முன்பே உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுகிற பாதுகாப்புக் கப்ளர்தான் வாங்குகிறேன், விலை கூடுதலானாலும்.

இதையெல்லாம் சித்தாந்த வகுப்பில் சொன்னபோது ஒரு பெண்பிள்ளை, “அப்ப சாமியையும் சோதிச்சுப் பார்க்கலாமா, மாமா?” என்று கேட்டாள். பாரும்மா என்றேன். காண்டலுக்கு அவன் எட்டமாட்டான். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதைச் செய்கிறவன் ஒருவன் உண்டு என்று சிவஞான போதத்தின் முதல் சூத்திரம் கருதலால் ஒரு தூரம் கூட்டிப்போகும். அதற்கு மேல் உரைதான். அங்கே யார் சொன்னார், சொன்னதால் அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கச் சொன்னேன். தருமசேனர் என்ற பெயரோடு சமணத்தில் தலைமையில் இருந்தவர் அப்பர். அதை விட்டுவிட்டுச் சிவன் பெயரைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது சுண்ணாம்பு நீற்றறை என்கிறது பெரியபுராணம். அவர் வார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன்.