மூளை லிம்போமாவில் சம்மதம் யாருடையது?

மூளை, தண்டுவடம், கண்ணின் உட்புறம் இவற்றில் மட்டும் தோன்றி, உடம்பில் வேறெங்கும் தென்படாத லிம்போமா அரிதான புற்றுநோய். மூளையில் தொடங்கும் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று நான்குதான் இந்த வகை. பெரும்பாலும் அறுபது வயதையொட்டி வருகிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பட்டையையும் முன்மடலையும் பற்றி வளரும்போது முதலில் மாறுவது ஆளின் குணம். வரவு செலவை விரல்நுனியில் வைத்திருந்தவர் மின்கட்டண ரசீதைக் கையில் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார்.

மருத்துவ அறம் நோயாளியின் சம்மதத்தின் மேல் நிற்கிறது. அவர் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், நன்மை தீமையை எடைபோட வேண்டும், தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் செய்ய வேண்டிய உறுப்பிலேயே நோய் புகுந்திருக்கும்போது அந்தச் ‘சரி’யைச் சம்மதமாகக் கொள்ளலாமா?

சிக்கலை இன்னும் இறுக்குவது ஒரு சாதாரண மருந்து. ஸ்கேனில் மூளைக்கட்டி தெரிந்ததும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது வழக்கம். மற்றக் கட்டிகளில் அது சுற்றியுள்ள வீக்கத்தை வடியவைப்பதோடு சரி. லிம்போமாவிலோ புற்றணுக்களையே கொல்கிறது. சில நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரிந்த கட்டி சுருங்கலாம், மறைந்தும் போகலாம். வீட்டார் வேண்டுதல் பலித்தது என்பார்கள். ஆனால் இது குணமல்ல. கட்டி திரும்பி வரும். இதற்கிடையில் பயாப்சி செய்தால், ஊசியில் வரும் துணுக்கில் நோயியல் நிபுணருக்கு இறந்த செல்களும் அழற்சியும் மட்டுமே கிடைக்கக்கூடும். திசுவிலோ, தண்டுவட நீரிலோ, கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலோ புற்றணுவைக் காணாமல் கீமோ தொடங்குவது இருட்டில் துழாவுவதுதான். ஆகவே உடனடி உயிராபத்து இல்லையென்றால், பயாப்சி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கிறார்கள்.

நோயாளிக்கு யோசிக்கும் தெளிவைத் தரக்கூடிய மருந்தே, அவர் எதைப் பற்றி யோசிக்க வேண்டுமோ அதற்கான தடயத்தை அழித்துவிடும். மண்டையோட்டில் துளையிட அனுமதி கேட்கும் வேளையில் அவர் மங்கியே இருக்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் நிவாரணத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமா என்றால், நோயின் பெயர் தெரியாமல் கிடைக்கும் நிவாரணம் சீக்கிரமே தீர்ந்துபோகும் என்பதால் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குக் காலவரம்பு உண்டு. ஸ்டீராய்டை மறுத்துவிட்டு, அறுவை அரங்கில் இடமில்லை என்று நாள்களைக் கடத்தினால் அது வெறும் கொடுமையாகிவிடும்.

மங்கிக் கிடக்கும் அந்த மனிதர் யார் என்பது அடுத்த கேள்வி. ஆள் என்பது நினைவால் தொடரும் உணர்வே என்றார் மெய்யியலாளர் ஜான் லாக். இக்கருத்தை அவர் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். அதன்படி பார்த்தால், பழையதை மறந்தவர் பாதி வேற்றாளாகிறார். மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதமோ மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்களை ஆன்மாவிலிருந்து பிரித்துவைக்கிறது; அமைச்சரைக் கொண்டு ஆளும் அரசனாக ஆன்மாவைக் காட்டுகிறது. இங்கே கருவி பழுதானாலும் ஆள் மாறுவதில்லை. படுக்கையருகே நிற்பவர்களுக்கு இந்தப் பார்வையே உதவும்: பதில் தெளிவாக வராவிட்டாலும் அவரிடமே முதலில் பேச வேண்டும். ஆனால் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்பதற்குச் சித்தாந்தத்தில் விடை தேட முடியாது. அங்கே வீட்டார் சொல்ல வேண்டியது தங்கள் விருப்பத்தையல்ல, தெளிவாக இருந்தபோது அவர் எதை விரும்பியிருப்பார் என்பதை. பல குடும்பங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன.

சிகிச்சையின் முதுகெலும்பு அதிக அளவு மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ் ஆய்வுத் தலைவராக இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து அது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடையைத் தாண்ட, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 3 கிராமோ அதற்கு மேலோ ஏற்றி, பிறகு மற்ற உறுப்புகளைக் காக்க லூக்கோவோரின் கொடுப்பார்கள். இதோடு முழு மூளைக்கும் கதிர்வீச்சு சேர்ப்பது முன்பு வழக்கமாக இருந்தது. 2010இல் வெளியான, 551 பேர் பங்கேற்ற ஜெர்மானிய ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு நோய் சற்றுத் தாமதமாகத் திரும்பியது, ஆயுள் கூடவில்லை, நரம்புப் பாதிப்பு அதிகமாக இருந்தது. மறதி, தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை என்று அது வரும், முதியவர்களிடம் கூடுதலாக.

ஆகவே நோய் தள்ளிப்போகும் மாதங்களுக்கு ஈடாக நினைவின் எவ்வளவு பங்கைக் கொடுக்கலாம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நல்லவேளையாக இந்தக் கேள்வி முதல் வாரத்தில் எழுவதில்லை. சில சுற்று கீமோ முடிந்து கட்டி கரைந்த பிறகுதான் கதிர்வீச்சா, சொந்த ஸ்டெம் செல் மாற்றா, வேறு கீமோவா என்ற பேச்சு வருகிறது. அதற்குள் பலருக்குத் தெளிவு திரும்பியிருக்கும். பயாப்சிக்கு மகன் கையெழுத்திட்டான் என்பதற்காக இதற்கும் படிவத்தை அவனிடமே நீட்டக் கூடாது. நினைவாற்றல் சோதனை செய்து, அவசரப்படுத்தாமல், ஒருமுறைக்கு இருமுறை விளக்கி, நோயாளியிடமே கேட்க வேண்டும்.