மோசே வைத்த இரண்டு கைகள்



தோரா என்று யூதர்கள் போற்றும் ஐந்து நூல்களில் கடைசியானது உபாகமம். கத்தோலிக்க அன்பர்கள் இணைச்சட்டம் என்பீர்கள். அதன் கடைசி நான்கு அதிகாரங்கள்தான் இன்று நம் தியானம்.

மோசேக்கு வயது 120. யோர்தானுக்குக் கிழக்கே, மோவாப் சமவெளியில் நிற்கிறார். ஆற்றைக் கடந்தால் எரிகோ. எகிப்திலிருந்து 40 வருஷம் இஸ்ரவேல் ஜனங்களை நடத்தி வந்தவருக்கு அந்தக் கரையில் கால் வைக்க அனுமதி இல்லை. அவர் கெஞ்சிப் பார்த்ததையும் இதே நூலின் மூன்றாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. 'போதும், இனி இதைப் பற்றிப் பேசாதே' என்கிற மாதிரி பதில் வருகிறது. அதோடு ஒரு வேலையும் வருகிறது: ஜனங்களை அக்கரைக்கு நடத்திப் போகப்போகும் யோசுவாவைத் திடப்படுத்து.

இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. நமக்கு இல்லையென்று ஆகிவிட்ட ஒன்று யாருக்குக் கிடைக்கப்போகிறதோ, அவனுக்கே தைரியம் சொல்லி அனுப்ப வேண்டும். எத்தனை பேரால் முடியும்? மோசே செய்தார். 31-ஆம் அதிகாரத்தில் எல்லா ஜனங்களும் பார்க்க யோசுவாவைக் கூப்பிட்டு, பலங்கொண்டு திடமாயிரு என்கிறார். அதற்கு முன்பே, எண்ணாகமத்தில், அவன்மேல் உன் கையை வை என்று ஆண்டவர் சொன்னபோது, மோசே இரண்டு கைகளையும் வைத்தார். கேட்டதற்கு மேலேயே மனமுவந்து கொடுத்தார் என்று பழைய உரையாசிரியர் ராஷி இதைக் கொண்டாடுகிறார்.

மோசேக்குக் கெர்சோம், எலியேசர் என்று இரண்டு பிள்ளைகள் உண்டு. பொறுப்பு போனதோ எப்பிராயீம் கோத்திரத்து யோசுவாவுக்கு, இத்தனை காலம் கூடவே இருந்து ஊழியம் செய்தவனுக்கு.

தில்லித் தமிழர்களாகிய நாம் இதைக் காதில் வாங்க வேண்டும். உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர்கள் வாடகை வீட்டில் இருந்துகொண்டே சங்கம் கண்டார்கள், கோயில் எழுப்பினார்கள், பஜனை மண்டலி நடத்தினார்கள். பெரிய காரியம், வணங்குகிறேன். ஆனால் இன்றும் பல கமிட்டிகளில் அதே பெரியவர்தான் செயலாளர். 'பசங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார். யார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? மோசேக்குக் கண் மங்கவில்லை, பலமும் குறையவில்லை என்று 34-ஆம் அதிகாரம் சாட்சி சொல்கிறது. தெம்பு இருக்கும்போதே ஒப்படைத்தார்.

யாரிடம் ஒப்படைத்தார் என்பதையும் பாருங்கள். தலைமை யோசுவாவுக்கு. நியாயப்பிரமாணத்தை எழுதி ஆசாரியர்களிடமும் மூப்பர்களிடமும் கொடுத்தார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையில், அதை ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோருமே அதற்குச் சொந்தக்காரர்கள்.

இப்படி எல்லோரையும் சேர்த்துக்கொள்வதை நம் தில்லியிலேயே பார்க்கலாம். கான் மார்க்கெட் பக்கம், ஹுமாயூன் சாலையில் ஜூதா ஹயாம் ஜெப ஆலயம் இருக்கிறது. 1956-இல் எழுந்தது. இந்த ஊர் யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டு ஜெபத்துக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது பழைய முறை. பல பத்தாண்டுகளாக அங்கே வழிபாட்டை நடத்திவந்த எசேக்கியேல் ஐசக் மலேகர் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சின்னக் கூட்டம் வாசலை அகலப்படுத்தியது. மகள்கள், மருமகள்கள் எத்தனை பேரை நம் நிர்வாகத்தில் சேர்த்திருக்கிறோம்?

கடைசியில் மோசே நேபோ மலை ஏறுகிறார், தேசம் முழுவதையும் பார்க்கிறார், இறக்கிறார். அடக்கம் செய்த இடம் இன்றுவரை ஒருவனுக்கும் தெரியாது என்கிறது நூல். ஜனங்கள் 30 நாள் அழுகிறார்கள்.

மோசேயின் மரணத்தைச் சொல்லும் இந்தக் கடைசி எட்டு வசனங்களை எழுதியது யார்? யூத மரபு நூலான தால்மூதில் இதற்கு ஒரு விவாதமே உண்டு. மோசேயே கண்ணீரோடு எழுதினார் என்கிறது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு, யோசுவா எழுதினான் என்கிறது. எனக்கு இரண்டாவதில்தான் மனம் ஒட்டுகிறது. குருவின் நூலைச் சீடன் எழுதி முடித்தான்.