அத்தரும் வியர்வையும்

சென்ற மாதம் கொரட்டூரில் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது, துபாயிலிருந்து வந்த உறவினர் தந்த மல்லிகை அத்தரைத் தாராளமாகவே பூசிக்கொண்டேன். துவைத்த சட்டையிலும் மறுநாள்வரை நிற்கும் மணம் அது. ஸஃப்பில் என் பக்கத்தில் ஒரு வாலிபர் வந்து நின்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து நேரே வந்திருக்கிறார்; லேத்து எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. என்னையறியாமல் என் தோள் சற்று விலகியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். தக்பீருக்கு முன்பே பின் ஸஃப்புக்குப் போய்விட்டார். அன்று இமாம் ஓதியது எதுவும் என் உள்ளத்தில் இறங்கவில்லை.

வெங்காயம், பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற ஹதீஸ் உடனே எனக்குத் துணையாக வந்தது. நஃப்ஸ் எப்போதும் தனக்குச் சாதகமான ஹதீஸைத்தான் முதலில் தேடும்!

நறுமணத்தின்மீது ஆசை கொள்வது குற்றமா? இல்லை. நபி (ஸல்) அவர்களுக்கு இவ்வுலகில் பிரியமாக்கப்பட்டவற்றுள் நறுமணமும் ஒன்று என்று நஸயீயில் வருகிறது. யாரேனும் நறுமணம் தந்தால் மறுக்கக் கூடாது என்றும் அவர்கள் போதித்தார்கள். ஆகவே அத்தர் குப்பியைத் தூர எறிவதால் யாரும் தக்வாதாரி ஆகிவிட முடியாது.

ஆனால் அதன் விலையைப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகையும் வாசனைத் தைல ஆலைகளுக்கும் போகின்றன. ஒரு கிலோ சாரம் எடுக்க ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூ வேண்டும். மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டுமென்று விடியுமுன்பே பெண்கள் தோட்டத்தில் குனிகிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, மண்ணால் வாய் மூடி, அடியில் தீ மூட்டி, ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்குகிறார்கள். அடுப்பருகே நிற்பவர் உடம்பிலும் வியர்வைதானே? வியர்வையில்லாமல் பிறந்த அத்தர் எது?

இன்னொன்று. பூசியவர் மூக்குக்குச் சிறிது நேரத்தில் அந்த மணம் பழகிப் போய்விடும். பிறகு அதை அனுபவிப்பவர் அடுத்தவரே. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் முன் பைத்துல்மாலின் கஸ்தூரி கொண்டுவரப்பட்டபோது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கஸ்தூரியின் பயனே அதன் வாசம்தானே என்று காரணம் சொன்னார்கள். மக்களின் பொருளை முகர்வதுகூட அவர்களுக்குக் கனத்தது. நானோ என் சொந்தக் குப்பியைக் கொண்டே ஒரு முஸ்லிமை ஸஃப்பிலிருந்து துரத்தினேன். ஆகுமான செயல் நிய்யத்தால் மாறுவதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நறுமணத்தையே உதாரணமாக எடுத்தது சும்மாவா? இஹ்ராமில் நறுமணம் விலக்கப்பட்டிருப்பதையும் நினைத்துக்கொண்டேன்.

ஜும்ஆக் குளிப்பு எப்படி வந்தது? ஸஹாபாக்கள் உழைப்பாளிகள். புழுதியோடும் வியர்வையோடும் தொலைவிலிருந்து வந்தார்கள். இந்நாளுக்காகக் குளித்து வரலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கனிவாகக் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வந்தவரை விலக்கியதாக அதில் இல்லை. அரைமணி நேர அனுமதியில் ஓடிவருபவர் எங்கே போய்க் குளிப்பார்? பள்ளியில் ஒரு குழாயடியும் மறைப்பும் வைக்க நாமல்லவா யோசித்திருக்க வேண்டும்!

அடுத்த வெள்ளி குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு சீக்கிரமே போனேன். அவர் வரவில்லை. ஷிஃப்டு மாறியிருக்கலாம். அதற்கடுத்த வெள்ளியும் காணோம். குப்பி இப்போது ஹவுளருகே மாடத்தில் இருக்கிறது. ஒளூச் செய்பவர்கள் எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள்.